மாமியோடு வாக்குவாதம் வேண்டாம், புட்டு அவியுங்கள்

கோண்டாவிலிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகனுக்கு நாலு வயது. ஓட்டிசம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மாமி நம்பவில்லை. 'கண்ணூறுதான், நூல் கட்டினால் சரி. இவன்ர அப்பாவும் பிந்தித்தான் கதைச்சவன்' என்கிறார். பேச்சுப் பயிற்சிக்குப் போகவும் விடுகிறாரில்லை. என்ன செய்வது?"

நூல் கட்டட்டும், விடுங்கள். ஆனால் கையில் ஏதும் உரசினாலே சில பிள்ளைகளுக்குத் தாங்காது. மகன் பிய்த்தெறிந்தால் நூலைச் சாமிப்படத்தடியில் வைக்கச் சொல்லுங்கள், மாமிக்கும் மனம் ஆறும். இரண்டு விஷயங்களில் மட்டும் இறங்கிப் போகாதீர்கள். பயிற்சி ஒரு கிழமைகூடத் தள்ளிப்போகக் கூடாது. என்ன கலந்ததென்று தெரியாத பொடி, பஸ்பம் எதுவும் பிள்ளையின் வாய்க்குள் போகக் கூடாது. சிலவற்றில் ஈயமும் பாதரசமும் இருக்கும். காதுப் பரிசோதனை இன்னும் செய்யவில்லையென்றால் அதையும் உடனே செய்வியுங்கள்.

அப்பாவும் பிந்திக் கதைத்தவர் என்று மாமி சொன்னதைத் தட்டிக்கழிக்காதீர்கள். ஓட்டிசத்தில் பரம்பரைக்குப் பெரிய பங்குண்டு. அந்த நினைவு வைத்தியருக்கு உதவும். அதற்காக, தானாய்ப் பேசுவான் என்று காத்திருக்க முடியாது.

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் மொழியில் ஓட்டிசத்துக்கு 'தாக்கிவாத்தாங்கா' என்றொரு சொல் உண்டு. தனக்கேயுரிய நேரத்திலும் இடத்திலும் இருப்பது என்று பொருள். பழைய சொல் அல்ல. கேரி ஓபாய் என்ற மொழி அறிஞர் உருவாக்கி, 2017இல் வெளிவந்த சொற்தொகுப்பில் சேர்த்தது. மேசன் டூரி என்ற மாவோரி மருத்துவர் 1984இல் நலத்தை ஒரு வீடாக விளக்கினார். உடல், மனம், ஆன்மா, குடும்பம் என நாலு சுவர். எங்கள் வீடுகளிலும் குடும்பம் என்ற சுவரில் பாதியைத் தாங்குவது அப்பம்மாதானே. அவரை வெளியே நிறுத்திவிட்டுப் பயிற்சி செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதனால் பின்னேரம் புட்டு அவிக்கும்போது மகனை மாமிக்குப் பக்கத்தில் இருத்துங்கள். குழலுக்குள் மா, பிறகு தேங்காய்ப்பூ, திரும்பவும் மா. ஒவ்வொன்றையும் போடும்போது மாமி அதன் பெயரை மட்டும் சொல்லட்டும். நாலைந்து நாளில் அந்த ஒழுங்கு பிள்ளைக்குப் பிடிபட்டுவிடும். அப்புறம் தேங்காய்ப்பூவைக் கையில் எடுத்துக்கொண்டு, போடாமல், மனதுக்குள் பத்து எண்ணும்வரை பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். அவன் பார்க்கலாம், கையை நீட்டலாம், ஒரு சத்தம் போடலாம். எது வந்தாலும் அது அவன் கேட்டதுதான். உடனே "தேங்காய்ப்பூ" என்று சொல்லிப் போட வேண்டும். "சொல்லு, சொல்லு" என்று நெருக்கவே கூடாது. பேச்சுப் பயிற்சியாளர்களான நாங்கள் பயிற்சி அறையில் செய்வதும் பெரும்பாலும் இதுதான். உங்கள் வீட்டில் அது தினமும் நடக்கும்.

கோயிலுக்கும் போகலாம். நல்லூரின் 25 நாள் திருவிழாச் சனமும் சத்தமும் அவனுக்கு இப்போது வேண்டாம். சாதாரண நாளில் விடியப் போங்கள். அங்கே பூசை மணி தவறாது, ஒழுங்கை விரும்பும் பிள்ளைக்கு அது பிடிக்கக்கூடும்.

அடுத்த முறை பயிற்சிக்குப் போகும்போது மாமியையும் கூட்டிப் போங்கள். புட்டுக்குழலடியில் நடந்ததை அவரே சொல்லட்டும்.