எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு அமெரிக்காவில் ரெட்டரிக் படிக்கலாமா? இலக்கியப் படிப்புக்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

படிக்கலாம். ரெட்டரிக் என்பது பேச்சும் எழுத்தும் ஒருவரை எப்படி இணங்க வைக்கின்றன என்று பார்க்கும் படிப்பு. நானும் தமிழ்நாட்டில் எம்.ஏ. முடித்தபின் அங்கே ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதைப் படித்தவன்தான்.

இரண்டும் பெரும்பாலும் ஒரே ஆங்கிலத் துறைக்குள்தான் இருக்கும். ஊரில் நாங்கள் மில்டனின் நடையைப் பற்றிப் பத்துப் பக்கம் நெட்டுரு போட்டு எழுதுவோம். ரெட்டரிக் வகுப்பில் கேள்வியே வேறு: இதை யாருக்காக எழுதினார்கள், ஏன் இப்போது, படித்தவரை என்ன செய்ய வைக்கப் பார்க்கிறது? லாயிட் பிட்சர் என்ற அமெரிக்க ரெட்டரிக் அறிஞர் 1968-இல் எழுதிய ஒரு கட்டுரையை வைத்து இதைத் தொடங்குவார்கள். கொஞ்சம் பழசு, ஆனாலும் தப்பிக்க முடியாது.

எனக்கு இது உண்மையில் புரிந்தது பாடம் நடத்தியபோதுதான். ஹார்வர்டு 1885-இல் முதலாண்டு மாணவர்களுக்குக் கட்டுரை எழுதும் வகுப்பைக் கட்டாயமாக்கியது. இன்று அங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அது உண்டு. அதை நடத்துவதில் பாதிப்பேர் எங்களைப் போன்ற மேற்படிப்பு மாணவர்கள்தான் என்று தோன்றும். பதிலுக்குக் கட்டணம் தள்ளுபடி, மாதச் சம்பளம். (எம்.ஏ.வுக்கு எல்லா இடத்திலும் இது கிடைக்காது. முதலில் விசாரியுங்கள்.)

என் வகுப்பு மாணவர்களின் முதல் கட்டுரைகள் வந்ததும் சிவப்புப் பேனாவால் இலக்கணப் பிழை அத்தனையும் வட்டமிட்டேன். மேற்பார்த்த பேராசிரியர் அதில் ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சரி, இந்தப் பெண் என்னதான் சொல்ல வருகிறாள்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. வண்டி நிறுத்தக் கட்டணத்தைத் திட்டி எழுதியிருந்தாள். யாரிடம் கேட்கிறாய் என்று அவளைக் கேட்டேன். கட்டணத்தை முடிவு செய்யும் குழுவுக்குக் கடிதமாக மாற்றினாள். வசவு தானாக உதிர்ந்து, கணக்கு உள்ளே வந்தது.

வேலை என்று பார்த்தால், இந்த வகுப்புகள் இருப்பதால் இலக்கியத்தைவிட இதில் வாய்ப்பு சற்றுக் கூடுதல். ஆனால் ஊர் திரும்பி நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதுவதாக இருந்தால் யோசியுங்கள். அந்தப் பாடத்திட்டத்தில் இலக்கியமும் கோட்பாடும்தான் முக்கியம், ரெட்டரிக்குக்குத் தனி அலகு கிடையாது.

அப்புறம், விண்ணப்பத்தோடு கேட்கும் எழுத்து மாதிரிக்கு எம்.ஏ. ப்ராஜெக்டை அப்படியே அனுப்பாதீர்கள். நான் அனுப்பினேன். முதல் எட்டுப் பக்கமும் ஆசிரியரின் வாழ்க்கை வரலாறு! அந்த வருடம் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. மறுவருடம் ஒரே ஓர் அத்தியாயத்தைப் பிரித்து, பதினைந்து பக்கமாகத் திருத்தி அனுப்பித்தான் உள்ளே போனேன்.