இளையவரைப் பற்றி ஒரு வரி

கேள்வி: என் மூத்த மகன் பி.இ. மெக்கானிக்கல் முடித்து மூன்று வருடமாக ஒரகடத்தில் 19 ஆயிரம் சம்பளத்தில் இருக்கிறான். நார்வேயில் பல்கலைக்கழகப் படிப்பு முழுக்க இலவசம், படிக்கும்போதே வேலை பார்த்துச் செலவைச் சமாளித்துக்கொள்ளலாம், முடித்ததும் வேலை நிச்சயம் என்று ஓர் ஏஜென்ட் சொல்கிறார். அவருக்கு இரண்டரை லட்சம் தர வேண்டும். அனுப்பலாமா? (இளையவன் ஐடிஐ-யில் வெல்டர் படித்தான். அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.)
– ஒரு வாசகர், துறையூர்

பதில்: இரண்டரை லட்சம் இப்போதைக்கு வங்கியிலேயே இருக்கட்டும் ஐயா.

ஏஜென்ட் முழுப் பொய் சொல்லவில்லை. பழைய செய்தியைப் புதிய விலைக்கு விற்கிறார். நார்வே அரசுப் பல்கலைக்கழகங்களில் எந்த நாட்டு மாணவரும் கல்விக் கட்டணம் இல்லாமல் படித்த காலம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு பருவத்துக்கும் மாணவர் நலச் சங்கத்துக்குச் சில நூறு குரோனர் கட்டினால் போதும். 2023 இலையுதிர்காலத்தோடு அது முடிந்தது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கும் ஸ்விட்சர்லாந்துக்கும் வெளியிலிருந்து புதிதாகச் சேர்பவர்கள் கட்டணம் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. பொறியியல் பக்கம் போனால் வருடத்துக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் குரோனர் கேட்கும் இடங்கள் உண்டு. ஒரு குரோனர் எட்டு ரூபாய்க்கு மேல் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். சட்டம் வந்ததும் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர் கூட்டம் சடசடவென்று குறைந்துபோனது. துறையூருக்கு மட்டும் அந்தத் தகவல் வரவில்லை போலிருக்கிறது.

கட்டணம் போக, ஒரு வருடச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் கையில் பணம் இருக்கிறது என்று விசாவுக்கு முன்பே காட்ட வேண்டும். அதுவும் ஒன்றரை லட்சம் குரோனருக்கு மேல். வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்க்க அனுமதி உண்டு என்பது உண்மைதான். ஆனால் அந்த வேலையைத் தரும் கடைக்காரர் வாடிக்கையாளரிடம் நார்வீஜிய மொழியில் பேசுகிறவர். ஆஸ்லோவில் ஒருமுறை பஸ் ஏற 40 குரோனருக்கு மேல் ஆகும். அரிசி, பருப்புக்கு 15 சதவீதம் வரி, மற்ற பெரும்பாலான பொருள்களுக்கு 25. பகுதிநேரச் சம்பளத்தில் கட்டணத்தையும் கட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால், அவரையே ஒரு குளிர்காலம் அங்கே போய் இருந்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

படிப்பு முடிந்ததும் வேலை தேட ஒரு வருட அனுமதி கிடைக்கும். தேடத்தான் அனுமதி. நிச்சயம் என்ற சொல் ஏஜென்ட்டுடையது.

மூத்தவருக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது, கொஞ்சம் நீளமான வழி. அங்கே டாக்டர் பட்ட ஆய்வு என்பது பெரும்பாலும் ஓர் உத்தியோகம். பல்கலைக்கழகம் விளம்பரம் கொடுக்கும், விண்ணப்பிக்க வேண்டும், எடுத்துக்கொண்டால் மூன்று வருடமோ நான்கு வருடமோ மாதச் சம்பளம், விடுமுறை, ஓய்வூதியச் சேமிப்பு எல்லாம் உண்டு. அதற்கு இங்கேயே ஒழுங்காக ஓர் எம்.டெக். முடித்து, ஆய்வு என்று சொல்லிக்கொள்ள ஏதாவது செய்திருக்க வேண்டும். விளம்பரங்கள் இணையத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படியே கிடக்கின்றன. நடுவில் ஏஜென்ட்டுக்கு இடமில்லை. அதனால்தான் அவர் இதைப் பற்றி உங்களிடம் மூச்சுவிடவில்லை.

சரி, அந்த அடைப்புக்குறிக்கு வருகிறேன்.

மூத்தவரின் பெயர், கல்லூரி, மதிப்பெண், கம்பெனி எல்லாம் எழுதியிருந்தீர்கள். அச்சில் நான்தான் எடுத்துவிட்டேன். இளையவருக்கு ஒரு வரி. அதுவும் சொல்ல ஒன்றுமில்லை என்று சொல்வதற்காக. நீங்கள் விசாரிக்கும் நாட்டில் அந்த வரியை யாரும் எழுத மாட்டார்கள்.

என் பள்ளித் தோழன் ஒருவன் அங்கே பெர்கன் நகரத்தில் இருக்கிறான், பொறியாளன். ஒரு ஜனவரியில் அவன் வீட்டுச் சமையலறைக் குழாய் உறைந்து விரிந்துவிட்டது. பிளம்பர் வந்தார். காலணியைக் கழற்றி வாசலில் வைத்தார், கம்பளிக் காலுறையோடு உள்ளே வந்து தொட்டிக்கு அடியில் படுத்தார். நடுவில் பதினொன்றரை மணிக்கு வேலையை நிறுத்திவிட்டு, மெழுகுத்தாளில் மடித்த ரொட்டித் துண்டுகளைப் பிரித்து, என் நண்பனோடு அதே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். கம்பெனி அனுப்பிய பில்லில் மணிக்கு ஆயிரம் குரோனருக்கு மேல் போட்டிருந்தது. அதைவிட என் நண்பனை உறுத்தியது வேறு. வெள்ளிக்கிழமை என்பதால் அந்த மனிதர் மூன்று மணிக்கே கிளம்பிவிட்டார், மலையில் இருக்கும் தன் சொந்த மரவீட்டுக்கு. 'எனக்கு இன்னும் அது வாங்க வக்கில்லைடா' என்றான்.

இது பிளம்பரின் அதிர்ஷ்டம் இல்லை. அந்த நாட்டில் பிளஸ் ஒன் வயதுக்கு வரும் பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேர் தொழிற்கல்விப் பக்கம் போகிறார்கள். இரண்டு வருடம் பள்ளி, அப்புறம் இரண்டு வருடம் ஏதாவது ஒரு நிறுவனத்தில் சம்பளத்தோடு பயிற்சி, கடைசியில் தேர்வு வைத்துத் தொழிற்சான்றிதழ். நாடு முழுமைக்கும் ஒரே குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அங்கே கிடையாது என்றால் நம்புவீர்களா? தொழிற்சங்கமும் முதலாளிகள் சங்கமும் உட்கார்ந்து பேசித் தீர்மானிக்கிறார்கள். 1935-இல் போட்ட அடிப்படை ஒப்பந்தத்திலிருந்து அந்தப் பழக்கம். கட்டுமானம், துப்புரவு, மீன் பதனிடுதல் போன்ற சில தொழில்களில், பேசி முடித்த கூலி சங்கத்தில் சேராதவருக்கும் சேர்த்துக் கட்டாயம்.

எண்ணெய் இருப்பதால் எல்லாம் முடிகிறது என்பீர்கள். எண்ணெய் நைஜீரியாவிலும் இருக்கிறது, வெனிசுவேலாவிலும் இருக்கிறது. 1969-இல் வடகடலில் எகோஃபிஸ்க் எண்ணெய் வயல் கிடைப்பதற்கு ஒரு வருடம் முன்னால் நடந்ததைக் கேளுங்கள். ஃபாரூக் அல்-காசிம் என்ற இராக்கிய நிலவியலாளர், மனைவியின் நாடு என்பதாலும் மகனின் மருத்துவத்துக்காகவும் பாஸ்ராவை விட்டு நார்வேக்குக் குடிபெயர்ந்தார். ஆஸ்லோவில் இறங்கிய அன்று, மனைவியின் ஊருக்குப் போகும் ரயிலுக்கு நேரம் நிறைய இருந்தது. சும்மா உட்காருவானேன் என்று தொழில்துறை அமைச்சகத்துக்குப் போய், இங்கே எந்தெந்த எண்ணெய் கம்பெனிகள் இருக்கின்றன, பட்டியல் தர முடியுமா என்று கேட்டார். அங்கே எண்ணெய் விஷயம் பார்த்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். அவர்களுக்கு இவர் கிடைத்தது தேடிப்போன மூலிகை காலில் சிக்கிய மாதிரி. வேலை கொடுத்து, தோண்டிய கிணறுகளின் முடிவுகளை முன்னால் வைத்து, படித்துச் சொல்லச் சொன்னார்கள். பிறகு நாட்டின் எண்ணெய்க் கொள்கையை வகுப்பதிலும் அவர் கை இருந்தது. எண்ணெய் கம்பெனியின் லாபத்தில் 78 சதவீதம் வரி. அரசுக்கு வரும் எண்ணெய்ப் பணம் தனி நிதியில். அந்த நிதிக்குச் சட்டம் போட்டது 1990, முதல் பணம் போட்டது 1996. வருடத்துக்கு அதன் மதிப்பில் சுமார் 3 சதவீதம்தான் பட்ஜெட்டுக்கு எடுக்கலாம் என்பது கணக்கு. வேலை தேடி உள்ளே வந்தவனிடம் 'எந்த ஊர், யார் சிபாரிசு' என்று கேட்டிருந்தால் இதில் எவ்வளவு நடந்திருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

தமிழர்களும் அங்கே நம் ஏஜென்ட் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவர்கள்தான். யாழ்ப்பாணத்து அந்தோனி ராஜேந்திரம் 1956-இல் போனார். மீன்பிடித் தொழிலைக் கற்று, 'சீநோர்' என்ற பெயரில் நார்வேக்காரர்களின் பணத்தைத் திரட்டி யாழ்ப்பாணத்தில் படகும் வலையும் செய்யும் தொழிற்கூடங்களை அமைக்க வழிசெய்தார். பிறகு போர்க்காலத்தில் போனவர்களில் பலர் வடகோடி ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில், உள்ளூர் இளைஞர்கள் விட்டுப்போன மேசைகளில் நின்று, காட் மீனைத் துண்டுபோட்டார்கள். இரண்டு மாதம் சூரியன் எழாத ஊர்கள். அந்த நாட்டை நோர்வே என்று எழுதும் அவர்களின் பிள்ளைகள் இன்று அங்கே மருத்துவர்களாக, பொறியாளர்களாக இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து குழந்தையாகப் போன கம்சாயினி குணரத்தினம் 2021-இல் நாடாளுமன்றத்துக்கே தேர்வானார். மீன் மேசையில் நின்றதை அந்தத் தலைமுறையில் யாரும் அடைப்புக்குறிக்குள் போட்டு நான் கேட்டதில்லை.

இளையவரையும் உடனே விமானம் ஏற்றிவிடாதீர்கள். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து திறன்மிகு தொழிலாளியாகப் போக, குறைந்தது மூன்று வருடத்துக்கு ஈடான தொழிற்கல்வியைப் பொதுவாகக் கேட்கிறார்கள். வெல்டர் ஐடிஐ ஒரு வருடம்தான். அதோடு, வேலை தருகிறேன் என்று ஒரு முதலாளி எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். போலந்துக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு போய் இறங்கி வேலை தேடலாம், நமக்கு அது இல்லை. டிப்ளமோவில் சேர்ந்து, குழாய் வெல்டிங்கில் சர்வதேசச் சான்றிதழ் வாங்கி, கப்பல் தளத்தில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு யோசிக்கலாம். போகாமல் இருந்தாலும் அது வீணாகாது.

ஏஜென்ட்டிடம் மட்டும் ஒன்று கேளுங்கள்: எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு, இந்த வருடக் கட்டணம் எவ்வளவு? தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். அடுத்த கடிதத்தில் அதை இணைத்து அனுப்புங்கள். இளையவர் எந்தப் பட்டறையில் இருக்கிறார், டிக் வெல்டிங் வருமா, எவ்வளவு கனமான தகடு வரை போடுவார் என்பதையும் எழுதுங்கள். அவர் பெயரையும்.