பட்டறை சாஃப்ட்வேரைப் பிரித்த அக்கா மகன்: வக்கீல் நோட்டீஸுக்கு என்ன பதில்?

கேள்வி: சேலம் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். 2019-ல் தெரிந்த பையன் ஒருவருக்கு 1,80,000 ரூபாய் கொடுத்து டச் (வெள்ளியின் தூய்மை அளவு), சேதாரம், கூலி, ஜிஎஸ்டி பில் எல்லாம் வருகிற மாதிரி சாஃப்ட்வேர் எழுதி வாங்கினேன். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. வீட்டுப் பிள்ளையாகத்தான் நடத்தினேன். அவர் கல்யாணத்துக்கு வெள்ளிக் குத்துவிளக்கு வைத்தேன். டர்ன்ஓவர் 5 கோடியைத் தாண்டியதும் இ-இன்வாய்ஸ் (அரசு தளத்தில் பதிவு செய்யும் மின்னணு பில்) கட்டாயம் என்றார் ஆடிட்டர். பையன் கோவைக்குப் போய்விட்டார். போனை எடுப்பதே இல்லை. பி.இ. முடித்த என் அக்கா மகன் கருப்புத் திரையில் ஏதோ கட்டளை அடித்து, சாஃப்ட்வேரின் எக்ஸ்இ கோப்பைப் பிரித்து, உள்ளே இருந்த புரோகிராம் வரிகளை எடுத்து இ-இன்வாய்ஸைச் சேர்த்துக் கொடுத்தான். கம்ப்யூட்டர் மாற்றினால் கேட்கும் லைசென்ஸ் கீயையும் தூக்கிவிட்டான். சித்தப்பா மகன்கள் இருவரின் பட்டறைக்கும் போட்டுக் கொடுத்து ஆளுக்கு 15,000 ஜிபேயில் வாங்கிக்கொண்டான். இப்போது சாஃப்ட்வேர் எழுதிய பையனிடமிருந்து 12 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பொருளைப் பிரித்துப் பார்க்க எனக்கு உரிமை இல்லையா?

பதில்: குத்துவிளக்கையும் எடுக்காத போனையும் விட்டுவிடுங்கள். எந்த நீதிமன்றமும் அவற்றைக் கேட்காது. நான்கு பக்கக் கடிதத்தில் உங்கள் வழக்கு இருப்பது ஒரே வரியில்: ஆளுக்கு 15,000.

பிரித்ததைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் பயப்படுகிறீர்கள். அதில் உங்கள் நிலை மோசமில்லை. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் 52(1)(aa) பிரிவுப்படி, சட்டப்படி கையில் வைத்திருக்கும் பிரதியை, அது எந்த வேலைக்குத் தரப்பட்டதோ அதே வேலைக்காக நகலெடுக்கலாம், மாற்றி அமைக்கலாம். வேறொரு புரோகிராமோடு இணைந்து இயங்கத் தேவையான தகவல் எளிதில் கிடைக்காவிட்டால், அதை எடுக்க அதே பிரிவின் (ab) உட்பிரிவு இடம் தருகிறது. பில் போட வாங்கிய சாஃப்ட்வேரில் இ-இன்வாய்ஸ் சேர்த்தது இந்த எல்லைக்குள் என்று தைரியமாக வாதாடலாம். கோப்பைப் பிரிக்கப் பயன்படும் ஐஎல்ஸ்பை போன்ற கருவியும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும் இலவசக் கருவிதான்.

ஆனால் 'காசு கொடுத்தேன், என்னுடையது' என்ற பேச்சை இனி எடுக்காதீர்கள். அந்தப் பையன் உங்கள் சம்பளக்காரர் இல்லை, எழுதியவரே உரிமையாளர். உரிமை கைமாற வேண்டுமானால் கையெழுத்திட்ட ஆவணம் வேண்டும். உங்களிடம் இருப்பது பயன்படுத்தும் உரிமை மட்டும்.

அந்த உரிமை உங்கள் பட்டறை வாசலோடு நின்றுவிடுகிறது. சித்தப்பா மகன்களுக்குப் போனது அப்பட்டமான மீறல். தெரிந்தே செய்தால் 63-ம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் தண்டனையைக் குறைக்க அதே பிரிவு இடம் தருகிறது. இனாமாகக் கொடுத்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஜிபே ரசீது அந்தக் கதவைச் சாத்திவிட்டது. லைசென்ஸ் கீயை எடுத்ததும் அப்படியே. பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு இந்த மாதிரிப் பூட்டை உடைத்தால்தான் 65ஏ பிரிவு வரும். வேறு இரண்டு கம்ப்யூட்டரில் அது ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த நோக்கத்தைக் காட்டுவது அவர்களுக்குக் கடினமில்லை. 63-ம் பிரிவு பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க, ஜாமீனில் விடத்தகாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொல்லிவிட்டது. இது சிவில் தகராறுதானே என்று மெத்தனமாக இருந்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் முன்ஜாமீனுக்கு ஓடி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து நீங்கள் செய்யப்போவதுதான் எனக்குக் கவலை. நோட்டீஸ் கண்டதும் பெரும்பாலோர் எதிராளிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்புவார்கள்: 'ஆமா, பிரிச்சோம், உன்னால ஆனதப் பாரு.' மனுவின் முதல் இணைப்பே அதுவாக வரும். அனுப்பிவிட்டீர்களா? அதை உங்கள் வக்கீலிடம் இன்றே சொல்லுங்கள்.

அதைவிட மோசம் அழிப்பது. எல்லாவற்றையும் டெலீட் செய்துவிடலாம் என்று அக்கா மகன் சொல்வான். விண்டோஸ் பவர்ஷெல்லில் அடித்திருந்தால், ஜன்னலை மூடிய பிறகும் கட்டளைகள் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் வரிவரியாகத் தங்கியிருக்கும்: எந்தக் கோப்பு, எந்த ஃபோல்டர் எல்லாம். அதை அழித்தாலும் சித்தப்பா மகன்களின் கம்ப்யூட்டரை என்ன செய்வீர்கள்? சாட்சியமாகக் கூடிய மின்னணுப் பதிவை அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 241-ல் தனிக் குற்றம். இருக்கிற தலைவலி போதாதா?

'நானே புதிதாக எழுதினேன்' என்று அவன் சொல்லப்போவதும் நிற்காது. டாட்நெட் (மைக்ரோசாஃப்ட்டின் புரோகிராம் தளம்) கொண்டு எழுதிய கோப்பைப் பிரித்தால், எழுதியவர் தனக்காக வைத்த விளக்கக் குறிப்பு (கமென்ட்) எதுவும் வராது. உள்ளே மதிப்புகளுக்கு வைக்கும் பெயர்கள் num, num2, flag என்று மொட்டையாக வரும். மனிதன் அப்படி எழுத மாட்டான். ஆனால் எழுதியவர் ஃபங்ஷனுக்கு (புரோகிராமின் தனித்தனிப் பகுதிக்கு) வைத்த பெயர் எழுத்துப்பிழையோடு அப்படியே வரும். நான் பார்த்த ஒரு வழக்கில் பாஸ்வேர்டாக எழுதியவரின் குலதெய்வப் பெயரே உள்ளே கிடந்தது. குறுக்கு விசாரணை அதோடு முடிந்தது.

உரிமையாளர் கேட்டால் நீதிமன்றம் முன்னறிவிப்பில்லாமல் வழக்கறிஞர் ஆணையரை அனுப்பலாம். அவர் வந்தால் ஹார்ட் டிஸ்க் முழுவதையும் பிரதி எடுக்கலாம். சாஃப்ட்வேரை மட்டும் கிள்ளி எடுப்பார் என்று நம்பாதீர்கள். யாருக்கு எத்தனை கிலோ எந்த டச்சில் போனது, எதற்கு பில் போட்டது, எதற்குப் போடாதது எல்லாம் அதில் இருக்கும். உங்கள் கணக்கைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. மூன்று பட்டறைக் கணக்கும் கோர்ட் கட்டில் கிடப்பது உங்களுக்குச் சம்மதமா என்று மட்டும் கேட்கிறேன்.

எனவே, சமாதானமாகப் போங்கள். அதுவும் எஃப்ஐஆருக்கு முன்னால்; பதிவாகிவிட்டால் நீங்கள் இருவரும் கைகுலுக்கினாலும் ரத்து செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போக வேண்டும். 12 லட்சம் என்பது பேரம் தொடங்கும் எண். வாங்கிய 30,000, இரண்டு பிரதிக்கு லைசென்ஸ் கட்டணம், அவர் வக்கீல் செலவு என்று நீங்கள் தொடங்குங்கள். பதிலுக்கு, உங்கள் பட்டறையில் பயன்படுத்தவும் திருத்தவும் எழுத்தில் உரிமை கேளுங்கள். எத்தனை ஆண்டுக்கு என்பதையும் எழுதுங்கள். காலம் குறிக்காத உரிமத்தைச் சட்டம் ஐந்து ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளும். அக்கா மகன் பெயரும் சித்தப்பா மகன்கள் பெயரும் அதே பத்திரத்தில் வரட்டும். இல்லாவிட்டால் உங்களோடு முடித்துக்கொண்டு அவர்கள் மேல் தனியாகப் பாய்வார்.

அதுவரை அந்த இரண்டு பட்டறையிலும் சாஃப்ட்வேரைத் திறக்க வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். பில்லைக் கையால் எழுதச் சொல்லுங்கள். நோட்டீஸில் கொடுத்த கெடுவுக்குள் பதில் போகட்டும்; பிரித்ததை மறுக்காமல், 52-ம் பிரிவைக் காட்டி, பேசத் தயார் என்று ஒரே பக்கத்தில். பேச்சுக்குப் போகும் நாளில் அக்கா மகனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.