செல் (பீரங்கிக் குண்டு) விழுந்த வயலில் திரும்ப நெல்: கொளுத்தாதீர்கள், ஆழ உழாதீர்கள்

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் சம்பா சாகுபடி செய்கிறேன். என் தங்கை மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் இலங்கையில் கிளிநொச்சி. இங்கே முகாமில் இருந்தவர், இப்போது குடும்பத்தோடு ஊர் திரும்பிவிட்டார். போர்க்காலத்தில் பறிபோன மூன்று ஏக்கர் வயல் கைக்கு வந்திருக்கிறது. முழுக்கப் புதர், நடுவே ஒரு மண் அணை, பங்கர் என்கிற பதுங்கு குழிகள். ஆவணியில் நான் போய்ப் புதரைக் கொளுத்தி, டிராக்டரில் ஆழ உழுது கொடுக்க நினைக்கிறேன். சி.ஆர். 1009 நெல் விதை ஒரு மூட்டை கொண்டு போகலாமா?

பதில்: போய் வாருங்கள், நல்ல காரியம். ஆனால் கொளுத்துவது, ஆழ உழுவது, விதை கொண்டு போவது என்று நீங்கள் சொன்ன மூன்றையுமே செய்ய வேண்டாம்.

முதலில் தீ. நம் பக்கம் கருவேலங்காட்டைக் கொளுத்துகிற பழக்கத்தில் அங்கே தீக்குச்சி உரசிவிடாதீர்கள். 2009 மே மாதம் போர் முடிந்தாலும், வெடிக்காமல் புதைந்த செல்லுக்கு அது தெரியாது. சூடு பட்டால் வெடிக்கும். மிதிவெடி (கண்ணிவெடி) அகற்றி நிலத்தை ஒப்படைத்தபோது கொடுத்த தாளை மாப்பிள்ளையிடம் வாங்கிப் படியுங்கள். எந்த எல்லைக்குள், எவ்வளவு ஆழம் வரை பார்த்தார்கள் என்று அதில் இருக்கும். தாளே இல்லை என்றால் கிராம சேவையாளரிடம் கேட்டு, சரிபார்த்துத் தரும் வரை வயலில் கால் வைக்கக் கூடாது. தாள் இருந்தாலும் வாய்க்கால் கரை, பக்கத்து வயல், ஓரத்துப் பனையடி எல்லாம் அதில் அடங்கும் என்று எண்ண வேண்டாம். அங்கே போட்ட மிதிவெடிகளில் உள்ளங்கை அகலமே உள்ள பிளாஸ்டிக் வெடிகளும் உண்டு. பெருவெள்ளத்தில் அவை இடம் மாறலாம். துருவேறிய மோட்டார் குண்டு பார்வைக்குப் பழைய பம்பு சாமான் மாதிரிதான் இருக்கும். இரும்புக்கடை ஆசையில் யாரும் தொட்டுவிடாமல், தள்ளி நின்று அடையாளம் வைத்துப் போலீசுக்குச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் மாடு மேய்ப்பவருக்கும் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

புதரைக் கையால் வெட்டிக் குவித்து அப்புறப்படுத்துங்கள். உழவு மேலாக இருக்கட்டும், கொக்கிக் கலப்பை போதும். சட்டிக் கலப்பையும் பொக்லைனும் தாளில் உள்ள ஆழத்தைத் தாண்டக் கூடாது.

இனி மண். எனக்குப் பெரிய கவலை அந்த அணைதான். தட்டையான வயல்வெளியில் மறைப்பு கிடையாது என்பதால், முன்னால் அகழி தோண்டி, தோண்டிய மண்ணையே பின்னால் அணையாகப் போட்டுச் சண்டை பிடித்தார்கள். தோண்டும்போது முதலில் வந்த மேல்மண் அணைக்கு அடியில் போயிருக்கும், உச்சியில் இருப்பது வெளிறிய அடிமண். அதனால் அணையைச் சும்மா தள்ளிப் பரப்பினால் உங்கள் மாப்பிள்ளை பல வருஷத்துக்குப் பொட்டல் திட்டில்தான் விதைப்பார். உச்சி மண்ணை அகழிக்குள் முதலில் போடுங்கள், அடியில் கறுத்த மண் தென்பட்டதும் நிறுத்தி, அதைக் கடைசியில் மேலாகப் பரப்புங்கள். ஒவ்வொரு அடி உயரத்துக்கும் தண்ணீர் விட்டு திமிசு போட்டு இறுக்க வேண்டும். அணையும் அகழியும் இருந்த இடத்தை மறுபடி சோதித்துத் தரச் சொல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

பங்கருக்குள் பனங்குற்றி (பனை மரத்துண்டு) கிடந்தால் எடுத்துவிடுங்கள். மூடிவிட்டால் மரம் மக்க மக்க வயல் உள்வாங்கும், அங்கே மட்டும் தண்ணீர் தேங்கும்.

முதல் பருவத்தில் கலையாத பகுதியில் மட்டும் நெல். நிரப்பிய இடத்தில் பசுந்தாள் உரமாக ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45-ஆம் நாள் வாக்கில் மடக்கி உழச் சொல்லுங்கள். செல் விழுந்த பள்ளத்து மண்ணைத் தனிப் பையில் எடுத்து ஈயம், செம்பு பார்க்கக் கேளுங்கள். வழக்கமான மண் பரிசோதனையில் இது வராது. முடிவு வரும்வரை அந்த இடத்தில் கீரை போட வேண்டாம்.

விதைக்கு வருவோம். சி.ஆர். 1009 ஐந்து மாதப் பயிர். அங்கே காலபோகத்துக்கு (மழைக்காலப் பெரிய பருவம்) மூன்றரை மாத ரகங்களான பிஜி 352, பிஜி 358, ஏடி 362 இருக்கின்றன. நம்மைப்போல நடவு நடாமல் பெரும்பாலும் நேரடி விதைப்புதான் செய்கிறார்கள். விதையும் மண்ணுக்கேற்ற யோசனையும் அங்குள்ள விவசாயிகளுக்கான அரசு அலுவலகமான கமநல சேவை நிலையத்தில் கேட்கலாம். சிறுபோகத்துக்கு (அடுத்து வரும் கோடைப் பருவம்) அங்கே பாசனம் தரும் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் இருப்பைப் பார்த்து எத்தனை ஏக்கர் என்று விவசாயிகள் கூட்டத்தில் முடிவு செய்வார்கள். அந்தக் கூட்டத்துக்கு மாப்பிள்ளை தவறாமல் போகட்டும், வயலைப் பதிவில் சேர்ப்பதையும் இப்போதே செய்யட்டும்.

அனுமதிச் சீட்டும் தாவரச் சுகாதாரச் சான்றும் இல்லாமல் விதை கொண்டு போவது அந்நாட்டுச் சட்டப்படி குற்றமும்கூட. இன்று அங்கே வயல்களைப் பிடித்திருக்கும் பார்த்தீனியம் களை 1987-இல் போன இந்திய அமைதிப்படையோடு வந்தது என்று அந்த ஊர் விவசாயிகள் இன்னும் சொல்கிறார்கள். செருப்பு, மண்வெட்டி எல்லாம் கழுவி எடுத்துப் போங்கள்.

அணையை எடுத்த பிறகு அடியில் மண் என்ன நிறம், ஒரு சாண் தண்ணீர் கட்டினால் எத்தனை நாளில் வடிகிறது என்று பார்த்து எழுதுங்கள். அடுத்த பருவத்துக்கு உரக்கணக்கு அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.