டிரைசைக்கிளில் மோட்டார் பொருத்தலாமா?

கேள்வி: சென்னை கோடவுன் தெருவில் துணி மொத்த வியாபாரம் செய்கிறேன். பேல்களை (இறுக்கிக் கட்டிய துணி மூட்டைகளை) பக்கத்துக் கடைகளுக்கும் லாரி புக்கிங் ஆபீஸ்களுக்கும் டிரைசைக்கிளில் அனுப்புகிறோம். ஒரு நடைக்கு 250 கிலோ. இதே வண்டியில் 1000 வாட் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே அமரும் மோட்டார்) பொருத்தித் தருவதாகப் பட்டறைக்காரர் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். மோட்டார் இருக்கட்டும், முதலில் பிரேக்கைப் பாருங்கள். மனிதன் மிதிக்கும் வேகத்துக்காகச் செய்த வண்டி அது. வேகம் இரண்டு மடங்கானால், நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. காசிமேட்டுப் பக்கம் மீன்பாடி வண்டி பார்த்திருப்பீர்கள். பழைய ஸ்கூட்டர் இன்ஜினை மூன்று சக்கர வண்டியில் ஏற்றியது கெட்டிக்காரத்தனம்தான்; நிறுத்துவதைப் பற்றித்தான் எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

சட்டமும் இடம் கொடுக்காது. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்தால்தான் மோட்டார் வாகன விதிகளிலிருந்து விலக்கு. அதற்கும் சோதனை மையத்தின் சான்று வேண்டும். உங்களுக்குப் பொருந்துவது ‘இ-கார்ட்’ என்ற வகை: 310 கிலோ வரை சரக்கு, 25 கிலோமீட்டர் வேக வரம்பு, பதிவும் உரிமமும் கட்டாயம். அங்கீகாரம் பெற்ற அடிச்சட்டத்தை (சேஸிஸ்) வாங்குங்கள். மேல்தட்டை உங்கள் பேல்களுக்கு ஏற்றபடி தயாரிப்பாளரையே கட்டித் தரச் சொல்லுங்கள்.

திறன் கணக்கு எளிது. வண்டி, சரக்கு, ஓட்டுபவர் எல்லாம் சேர்த்து 550 கிலோ என்று கொள்வோம். சமதளத்தில் 12 கிலோமீட்டர் வேகத்துக்குச் சக்கரத்தில் சுமார் 270 வாட் போதும். அதே வண்டி இருபது மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றத்தில் 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏற 1000 வாட் நெருங்கிவிடும். ஆனால் சௌகார்பேட்டையில் மோட்டாரைத் தின்பது ஏற்றமல்ல, குழி. நின்ற நிலையிலிருந்து குழியைவிட்டு மேலேறும்போது ஹப் மோட்டார் ஏறக்குறைய சுழலாமலே மின்சாரத்தை இழுக்கும், அத்தனையும் வெப்பமாகும். கியர் வழியாகப் பின் அச்சை இயக்கும் மோட்டாரே இங்கே சரி.

அடுத்தது தட்டின் உயரம். தயாரிப்பாளர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான். பேல் தூக்குபவருக்கு இடுப்பளவு இருந்தால் வசதி. கவிழாமலிருக்கத் தாழ்வாக இருக்க வேண்டும். டிசம்பர் வெள்ளமோ பேட்டரியை மேலே ஏற்றச் சொல்கிறது. மூன்றையும் ஒருசேரத் திருப்திப்படுத்த முடியாது. என் தேர்வு: தட்டு 60 சென்டிமீட்டர், பேல்களைப் படுக்கவைத்து இரண்டு அடுக்கோடு நிறுத்துவது, பேட்டரியும் கண்ட்ரோலரும் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) ஓட்டுபவர் இருக்கைக்கு அடியில். பின்சக்கரங்களுக்கு நடுவே 90 சென்டிமீட்டர் இருக்கும் வண்டி இப்படி நிரம்பியிருந்தால், 3 மீட்டர் ஆரமுள்ள வளைவை 15 கிலோமீட்டர் வேகத்தில் எடுக்கும்போது கவிழும், 10-இல் கவிழாது. கண்ட்ரோலரில் வேகத்தை 12-க்கு மேல் போகாமல் பூட்டிவிடுங்கள், முனை திரும்ப இன்னும் குறைக்கச் சொல்லுங்கள். ஓட்டுபவர் முணுமுணுப்பார். அந்தத் தெருவில் அதற்கு மேல் எங்கே போய்விட முடியும்?

பேட்டரிக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட். 48 வோல்ட், 50 ஆம்பியர்-மணி என்றால் 2.4 யூனிட், நின்று நின்று போகும் ஓட்டத்திலும் நாளுக்கு 25, 30 கிலோமீட்டருக்கு வரும். லெட்-ஆசிட் விலை குறைவுதான், ஆனால் பளு அதிகம். அக்னி நட்சத்திர வெயிலில் அதன் ஆயுளும் சட்டென்று குறையும். ஏ.ஐ.எஸ். 156 என்ற மின்வாகன பேட்டரிப் பாதுகாப்புத் தரச் சான்று உள்ள பேட்டரியைத்தான் கேளுங்கள். ஓடி முடித்த சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள். துணி கிடங்குக்குள் வைத்துச் சார்ஜ் செய்வது அறவே கூடாது.

1973-இல் கை ரிக்‌ஷாவை ஒழித்த ஊர் இது. சரக்கு இழுப்பவரின் தோளை மட்டும் ஏனோ மறந்துவிட்டது. அதனால் இந்தச் செலவைத் தயங்காமல் செய்யுங்கள். பணம் கட்டும் முன் 250 கிலோ ஏற்றி, நெரிசல் இல்லாத நேரத்தில் யானைக்கவுனி மேம்பாலத்துக்கு ஓட்டிப் போங்கள். ஏற்றத்தின் பாதியில் நிறுத்தி, கை பிரேக்கில் விட்டு, மறுபடி கிளப்பச் சொல்லுங்கள். ஓர் அங்குலம் பின்னால் உருண்டாலும் அந்த வண்டி வேண்டாம்.