நாய்க்குப் பச்சைக் கறி உணவு என்றால் என்ன? சென்னையில் குறைந்த செலவில் கொடுக்க முடியுமா?

சமைக்காத சதை, எலும்பு, ஈரல் போன்ற உள்ளுறுப்புகளையே நாய்க்குச் சாப்பாடாகக் கொடுப்பதுதான் இது. வழக்கமாகச் சொல்லும் அளவு 80 சதவீதம் சதை, 10 எலும்பு, 10 உள்ளுறுப்பு. வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் 2 முதல் 3 சதவீதம்; 20 கிலோ நாய் என்றால் 400 முதல் 600 கிராம்.

எலும்பு எதற்கு? சதையில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. சதையை மட்டும் போட்டால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கும். குட்டிகளுக்குக் கால் வளைந்துவிடும். குழம்பும் கீரையும் இல்லாமல் தினமும் வெறும் சோறு சாப்பிடுவது போலத்தான்: வயிறு நிறையும், உடம்பு தேறாது.

செலவு குறைய, போன்லெஸ் துண்டுகளை விட்டுவிட்டுக் கறிக்கடையில் கோழிக் கழுத்து, முதுகு கேளுங்கள். அவற்றில் எலும்பு அதிகம் என்பதால் மலிவான மாட்டுக்கறியோ கோழி இதயமோ சேர்க்க வேண்டும். ஈரலை அள்ளிப் போடாதீர்கள், வைட்டமின் ஏ மிகுந்தால் நஞ்சு. சமைத்த எலும்பு கூடவே கூடாது, கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். சென்னை வெயிலில் அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துக் கழுவிவிடுங்கள்.

பச்சைக் கறியில் உள்ள கிருமி வீட்டிலுள்ளவர்களுக்கும் தொற்றலாம்; அதனால் வீட்டில் கைக்குழந்தையோ முதியவரோ இருந்தால் நாய்க்கு வேகவைத்த கறியே நல்லது என்பேன். அப்போது எலும்பு போட முடியாது என்பதால், கால்சியத்துக்கு என்ன கொடுப்பது என்று வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் கேட்கலாம்.

அப்புறம், ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பச்சைக் கறியில் இருக்கக்கூடிய சால்மோனெல்லா என்ற கிருமி குளிரில் தூங்குமே தவிர முழுதாகச் சாகாது.