செத்தவங்க எழுதினது மாறுமா? – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

பழைய தத்துவப் புத்தகங்களுக்குப் புதுப் பதிப்பு வந்தா கையில இருக்கிறதே போதும்னு விடமாட்டேன், வாங்கிடுவேன்னு ஒரு பதிவுல எழுதியிருந்தீங்க. எனக்கு இது புரியவே இல்ல. கான்ட், மார்க்ஸ், நீட்ஷே எல்லாரும் செத்து நூறு வருஷம் தாண்டிடுச்சு. அவங்க எழுதினது இனிமே மாறப்போறதும் இல்ல. பப்ளிஷர் புது அட்டை போட்டு, ஒரு பேராசிரியர்கிட்ட நாப்பது பக்கம் முன்னுரை வாங்கிச் சேர்த்து அதையேதான் திருப்பி விக்கிறார். நெட்ல ஃப்ரீயா கெடைக்கிறப்ப அதுக்கு ஏன் காசு குடுக்கணும்? நான் இப்ப நீட்ஷேவோட கடைசிப் புத்தகம் 'தி வில் டு பவர்' டவுன்லோட் பண்ணித்தான் படிச்சிட்டிருக்கேன், எந்தக் குறையும் தெரியல. கிண்டலா கேக்கல சார், நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்.

(பேர் போட வேணாம்னு சொல்லியிருந்தார்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்க கடிதத்தோட கடைசியில சொன்ன 'தி வில் டு பவர்'லேர்ந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா உங்க கேள்விக்கான பதில் அங்கதான் இருக்கு. நீட்ஷே அப்படி ஒரு புத்தகம் எழுதவே இல்ல. அந்தத் தலைப்புல எழுதணும்னு நெனச்சார், பிளான் போட்டார், மாத்தி மாத்தி எழுதிப் பார்த்தார், 1888-லயே அந்த பிளானைக் கைவிட்டுட்டார். 1889 ஜனவரியில மனநிலை குலைஞ்சுபோச்சு, 1900-ல இறந்துட்டார். அடுத்த வருஷமே அவர் தங்கச்சி எலிசபெத் பொறுப்புல, அவரோட நோட்டுகள்லேர்ந்து 483 துண்டுகளைப் பொறுக்கியெடுத்து புத்தகமா போட்டாங்க. 1906-ல அது 1067 துண்டா வளர்ந்துச்சு. எழுதினவர் செத்ததுக்கப்புறம் அஞ்சே வருஷத்துல புத்தகம் ரெண்டு மடங்குக்கு மேல பெருசாகுதுன்னா, "செத்தவங்க எழுதினது மாறாது"ன்னு நீங்க சொன்னதை என்ன பண்றது? வாக்கியங்கள் பெரும்பாலும் அவரோடதுதான், அதை மறுக்கல. ஆனா எது எதுக்குப் பக்கத்துல வரணும், எந்தத் தலைப்புக்குக் கீழ வரணும்ங்கிறது அவரோடது இல்ல. துண்டு துண்டா எழுதற ஒரு ஆளுக்கு வரிசைங்கிறது பாதி அர்த்தம் சார்.

அதுக்கப்புறம் நடந்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. 1960-கள்ல கொல்லி, மொன்டினாரின்னு ரெண்டு இத்தாலிக்காரங்க நீட்ஷேவை இத்தாலியன்ல கொண்டுவரலாம்னு கெளம்பறாங்க. நம்பி மொழிபெயர்க்கறதுக்கு ஜெர்மன்லயே ஒழுங்கான மூலம் இல்லைன்னு தெரியவருது. சரின்னு ஜெர்மனியில வைமர்ங்கிற ஊர்ல இருந்த நீட்ஷேவோட கையெழுத்து நோட்டுகள்கிட்டயே போய் உக்காந்துட்டாங்க, 1967-லேர்ந்து அந்தப் பதிப்பு ஒவ்வொரு தொகுதியா வர ஆரம்பிச்சது. நோட்டுகளை எழுதின காலவரிசையிலயே போட்டாங்க, "என் குடையை மறந்துட்டேன்"ங்கிற வரி உட்பட. (அந்தக் குடையை வெச்சே பின்னாடி ஆளுங்க பக்கம் பக்கமா எழுதினாங்க, அது வேற கூத்து.) உங்ககிட்ட இருக்கிற ஃப்ரீ காபி இதுக்கெல்லாம் பல வருஷம் முன்னாடி வந்த இங்கிலீஷ் மொழிபெயர்ப்பாத்தான் இருக்கும். குறை தெரியலைன்னு சொல்றீங்க, எப்படித் தெரியும், வெட்டி ஒட்டின இடத்துல தழும்பே தெரியாமத்தானே அச்சடிச்சிருக்காங்க!

ஃப்ரீ பத்தியும் சொல்லிடறேன். எழுதினவருக்கு காப்பிரைட் முடிஞ்சாலும் மொழிபெயர்த்தவருக்குத் தனி காப்பிரைட் உண்டு. அதனால நெட்ல சும்மா கெடைக்கிறது பெரும்பாலும் நூறு வருஷப் பழைய மொழிபெயர்ப்பு. பழசுன்னா மட்டம்னு அர்த்தம் இல்ல. மார்க்ஸோட 'மூலதனம்' முதல் தொகுதிக்கு வந்த 1887 இங்கிலீஷ் பதிப்பை அவர் நண்பர் ஏங்கல்ஸே பார்த்து எடிட் பண்ணார், அதுக்கு இன்னிக்கும் மதிப்பு இருக்கு. ஆனா அதுல அத்தியாயங்களைப் பிரெஞ்சுப் பதிப்பு மாதிரி பிரிச்சிருக்கறதால ஜெர்மன்ல 25 அத்தியாயம், இங்கிலீஷ்ல 33. ரெண்டு பேர் "அந்த அத்தியாயத்துலதான் இருக்கு"ன்னு மணிக்கணக்கா சண்டை போட்டு, கடைசியில ரெண்டு பேர் சொன்னதும் சரின்னு முடிஞ்ச விவாதத்துல நானே இருந்திருக்கேன். நல்ல பதிப்பா இருந்தா இதை முதல் ரெண்டு பக்கத்துலயே சொல்லிடும்.

இப்ப என் சொந்த அசட்டுத்தனம் ஒண்ணு. பிரெஞ்சு தத்துவவாதி சிமோன் த போவ்வார் பெண்களோட நிலை பத்தி எழுதின 'இரண்டாம் பாலினம்' 1949-ல பிரெஞ்சுல வந்துச்சு, இங்கிலீஷ்ல 1953. அந்த இங்கிலீஷைத்தான் நான் படிச்சேன். வரலாறு பத்தின பகுதி பூரா ஓரத்துல பென்சிலால "வாதம் தாவுது", "ஆதாரம் எங்க?"ன்னு கிறுக்கி வெச்சிருந்தேன், நாலு பேர்கிட்ட பெரிய மனுஷத்தனமா "முக்கியமான புத்தகம்தான், ஆனா கட்டுக்கோப்பு பத்தாது"ன்னும் சொல்லியிருக்கேன். ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியுது, மொழிபெயர்த்தவர் ஒரு விலங்கியல் பேராசிரியர், பப்ளிஷர் சுருக்கச் சொல்ல அவர் சுருக்கிட்டார், வரலாற்றுல வாழ்ந்த எத்தனையோ பெண்களோட பேரும் கதையும் அப்படியே போயிடுச்சு, தத்துவச் சொற்கள் வேற பல எடத்துல மழுங்கிப்போச்சு. அப்ப நான் "ஆதாரம் எங்க?"ன்னு கேட்ட எடத்துல ஆதாரம் இருந்திருக்கு, வேற ஒருத்தர் அதை எடுத்துட்டார், பழி மட்டும் போவ்வார் மேல! வெட்டாத முழு மொழிபெயர்ப்பு 2009-லதான் வந்துச்சு, முழுசா அறுபது வருஷம் கழிச்சு. இதுக்காகப் புதுசு எல்லாம் தங்கம்னு நெனச்சுடாதீங்க, அந்த 2009 மொழிபெயர்ப்பையும் விஷயம் தெரிஞ்சவங்க கிழிச்சாங்க, பிரெஞ்சு வாக்கியத்தை இங்கிலீஷ் சட்டைக்குள்ள திணிச்ச மாதிரி இருக்குன்னு. எனக்கும் பல பக்கம் அப்படித்தான் பட்டுச்சு. ஆனாலும் ஒரு பேரும் காணாமப் போகல.

ஒரே ஒரு வார்த்தை கூட போதும். ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர்னாலே, நவீனப் பொருளாதார வாழ்க்கைக்கு அவர் சொன்ன உவமைன்னு எல்லாரும் எடுத்துவிடற "இரும்புக் கூண்டு" இருக்கே, அது 1930-ல டால்காட் பார்சன்ஸ்ங்கிற அமெரிக்க சமூகவியலாளர் மொழிபெயர்ப்புல போட்ட இங்கிலீஷ். ஜெர்மன்ல வெபர் எழுதினது எஃகு மாதிரி கெட்டியான ஒரு ஓடுன்னுதான் வரும், புது மொழிபெயர்ப்புல அப்படித்தான் போட்டிருக்காங்க. வித்தியாசம் சின்னதா தெரியுதா? கூண்டுன்னா உள்ள இருக்கிறவன் வேற, கூண்டு வேற, கதவைத் திறந்தா அவன் பாட்டுக்கு வெளிய வந்துடுவான். ஓட்டுக்கு ஏது கதவு? ஆமையை ஓட்டுலேர்ந்து பிரிச்சா ஆமை மிஞ்சாது. நவீனப் பொருளாதார வாழ்க்கை நம்மளைப் பூட்டி வெச்சிருக்கா, இல்ல நாமளே அதோட வடிவத்துல வளர்ந்துட்டோமா, ரெண்டும் ஒண்ணா?

எழுதினவரே மாத்தின கேஸும் நிறைய. கான்ட் 1781-ல போட்ட 'கிரிட்டிக் ஆஃப் ப்யூர் ரீசன்' புத்தகத்தை 1787-ல அடுத்த பதிப்புக்காக எடுத்து ரொம்ப முக்கியமான ஒரு பகுதியையே புதுசா எழுதிட்டார், நீக்கினது வேணும்னா முதல் பதிப்போட ஒப்பிட்டுக்கங்கன்னு முன்னுரையில அவரே சொல்லியும் வெச்சார். பின்னாடி வந்த தத்துவவாதி ஷோப்பன்ஹவருக்கோ முதல் பதிப்புதான் உசத்தி. இன்னிக்கு நல்ல பதிப்புகள்ல ரெண்டையும் போட்டு, ஓரத்துல முதல் பதிப்புக்கு 'A', ரெண்டாவதுக்கு 'B'ன்னு ரெண்டு பக்க எண்ணும் தர்றாங்க. ஹிட்லர் காலத்துல ஜெர்மனியை விட்டு அமெரிக்காவுக்குப் போன அடோர்னோ, ஹோர்க்ஹைமர்ங்கிற ரெண்டு சிந்தனையாளர்களோட கதை இன்னும் சுவாரஸ்யம். ரெண்டு பேரும் சேர்ந்து எழுதின 'அறிவொளியின் இயங்கியல்' 1944-ல வெறும் உருட்டச்சுப் பிரதி, 1947-ல ஆம்ஸ்டர்டாம்ல புத்தகமா வர்றப்ப முதலாளித்துவம் மாதிரி காரமான சொற்களை எல்லாம் தணிச்சுட்டாங்க. அப்புறம் மறுபதிப்புக்கு ரொம்ப வருஷம் தயங்க, மாணவர்களே திருட்டுப் பிரதி அடிச்சுப் பரப்ப ஆரம்பிச்சாங்க, 1969-லதான் முறையான மறுபதிப்பு வந்துச்சு. எந்தச் சொல் எங்க மாறுச்சுன்னு அடிக்குறிப்புல காட்டற பதிப்பு இப்ப இருக்கு. அந்த அடிக்குறிப்புகளை மட்டும் படிச்சாலே ரெண்டு அகதிகளோட பயம் தெரியும்.

நீங்க சொன்னதுல பாதி உண்மைங்கறதையும் ஒத்துக்கணும். பழைய பக்கத்தை ஸ்கேன் பண்ணி, எழுத்துப்பிழை கூட திருத்தாம, பளபளன்னு ஒரு அட்டையில போட்டு விக்கிற கூட்டம் பெருசு. மொழிபெயர்ப்பாளர் பேரே இல்லாத புத்தகத்தை நான் கையில எடுக்கறதில்ல. முன்னுரை விஷயத்துல நான் முழுக்க உங்க கட்சி, நாப்பது பக்கத்துல முடிவையும் சொல்லி, அதை எப்படி எடுத்துக்கணும்னும் சொல்லிட்டா அப்புறம் நான் எதுக்கு? அதனால முன்னுரையைக் கடைசியிலதான் படிப்பேன். பதிப்புக் குறிப்பை மட்டும் முதல்ல படிச்சிடுவேன், ரெண்டு மூணு பக்கம் பொடி எழுத்துல இருக்கும், எந்த மூலம், எந்த வருஷம், என்ன விட்டிருக்கோம்னு. அது இல்லாத மறுபதிப்புக்கு நானும் காசு குடுக்க மாட்டேன்.

உங்க டவுன்லோடைத் தூக்கிப் போடாதீங்க. அதுல பிடிச்ச ஒரு பத்து துண்டை மட்டும் குறிச்சு வெச்சுட்டு, கொல்லி–மொன்டினாரி பதிப்போட ஜெர்மன் மூலம் முழுசா நெட்லயே ஃப்ரீயா இருக்கு (ஆமா, ஃப்ரீதான், இதுல ஜெயிச்சது நீங்கதான்), அதுல ஒவ்வொண்ணும் எந்த வருஷத்து நோட்டுல, எதுக்கு நடுவுல கெடக்குதுன்னு தேடிப் பாருங்க. மொழி தெரியலைன்னா மிஷின் மொழிபெயர்ப்பு இந்த அளவு தேடலுக்குப் போதும். என்ன கண்டுபிடிச்சீங்கன்னு எழுதுங்க.